ராகு காலத்தில் ஓடாத ரயில்கள்

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஆப் என்று சொன்னால் மரம் பிளக்க அடிக்கிற ஆப்பைத்தான் நினைத்துக்கொள்வார்கள். கைபேசியில் எதை ஏற்றினாலும் அதற்கு ஒரே பெயர்தான், சாஃப்ட்வேர். பாம்பு விளையாட்டும் சாஃப்ட்வேர், காதல் பொருத்தம் பார்ப்பதும் சாஃப்ட்வேர். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த மொபைல் கடையில் மெமரி கார்டைக் கொடுத்துப் பாட்டு ஏற்றச் சொன்னால், மிச்சமிருக்கிற இடத்தில் இவற்றையும் கொசுறாகப் போட்டுத் தருவார்கள். காய்கறிக் கடையில் கறிவேப்பிலை தருகிற மாதிரி.

அந்தக் கொசுறில் ஒன்று நான் செய்தது.

எம்.சி.ஏ. முடித்துவிட்டு ஊரப்பாக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காலையில் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பி வருவது. பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேட்கிற ஒரே கேள்வி, "அடுத்த வண்டி எப்போ?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைவு. ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து, பட்டன் வைத்த சாதா போனிலும் ஓடுகிற மாதிரி ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினேன். எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அமுக்கினால் அடுத்து வருகிற வண்டிகளின் நேரம் வரிசையாக வரும். பெயர் 'வண்டி எப்போ'. அந்தப் போன்களில் பாதிக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி வைத்துப் படமாக வரைந்தேன். மார்கழியில் வாசலில் வைக்காத புள்ளியெல்லாம் அதில் வைத்துத் தீர்த்தேன் என்று அம்மா திட்டினாள்.

அம்மா திட்டியதோடு நிற்கவில்லை. நான் செய்த வேலையை எடுத்துக் காட்டினால், "எல்லாம் சரி, ராகு காலம் எங்க?" என்றாள். அம்மா கடவுளோடு சண்டை போடுவாள், ராகுவோடு போடமாட்டாள். திங்கட்கிழமை காலையில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை நான் வேலைக்குக் கிளம்புவதை அவள் தடுத்ததில்லை. தினப்படி வேலைக்கு ராகு காலம் கிடையாதாம். ஆனால் பெண் பார்க்க, நகை வாங்க, புது வேலையில் சேர, ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையைப் பார்க்கப் போக என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வாசல்படி தாண்டக்கூடாது. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் கணக்கு. கிழமை சொன்னால் ராகு காலம் சொல்லாத ஆள் கிடையாது.

சரி, கேட்டுவிட்டாள், செய்துவிடுவோம் என்று வண்டிப் பட்டியலுக்கு முன்னால் ஒரு கேள்வியைச் சேர்த்தேன். "நல்ல காரியமா?" என்று கேட்கும். 'ஆமாம்' என்று அமுக்கினால், ராகு காலத்தில் புறப்படுகிற வண்டிகளை மறைத்துவிட்டு மற்றதைக் காட்டும். 'இல்லை' என்று அமுக்கினால் எல்லா வண்டியும் வரும். அந்தக் கேள்விக்குக் கீழே, குட்டியாக, "செய்தவர்" என்று போட்டு என் பெயரையும் செங்கல்பட்டு என்று ஊரையும் வரைந்தேன். யாராவது எதையும் அமுக்காமல் தாண்டிப் போனால் என்ன செய்வது என்று ஒரு யோசனை வந்தது. வம்பு வேண்டாம், நல்ல காரியம் என்றே எடுத்துக்கொள் என்று எழுதிவைத்தேன். அம்மாவுக்காகத்தான்.

மொபைல் கடைக்காரர் அதைப் பார்த்ததும் சிரித்தார். "இன்னா மேடம், ரயில்வேகாரனே யோசிக்கலியே இத! குடு, நான் ஊருக்கே ஏத்தி வுடறேன்" என்றார். சொன்னதைச் செய்தார். கொஞ்ச நாளிலேயே ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருக்கிறவர் போனில் நான் வரைந்த எழுத்துகள் தெரிந்தன. பூக்கூடையோடு ஏறுகிற அம்மா ஒருவர் தன் மகனிடம், "நல்லதுக்கு இல்லடா, சாவுக்குப் போறோம், இல்லன்னு அமுக்கு" என்று சொன்னதை நான் காதால் கேட்டேன். சாவுக்குப் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். பரவசமாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. என்னை யாரும் அறியமாட்டார்கள், என் வேலை அவர்கள் கையில் இருந்தது.

வீட்டில்தான் இதற்கு மதிப்பில்லை. அப்போது எனக்கு மும்முரமாக வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேட்டு வருகிறவர்களிடம் அம்மா, "பொண்ணு கம்ப்யூட்டர் கிளாஸ் எடுக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சாஃப்ட்வேர் செய்ததைச் சொல்லேன் என்று அப்பா ஒருமுறை எடுத்துக்கொடுத்தார். "சொன்னா பயந்துடுவாங்க. கல்யாணம் ஆவட்டும், அப்பறமா மெதுவா தெரியட்டும்" என்றாள். ஏதோ எனக்கு வலிப்பு வருவதை மறைக்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அம்மாவின் கவலையும் பொய்யில்லை. வந்த வரன்கள் ஏதேதோ காரணம் சொல்லித் தட்டிப்போய்க்கொண்டிருந்த நேரம் அது.

மாமல்லபுரத்தில்தான் முதல் அடி விழுந்தது. சொந்தத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குச் சின்னதாக ஒரு கல் பிள்ளையார் வாங்கவேண்டும் என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்தத் தெருவில் உளிச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு கடைக்காரரும், "எங்களுதுதான் ஒரிஜினல் வேலைம்மா, மத்ததெல்லாம் எங்களப் பாத்துச் செஞ்சது" என்றார். அத்தனை பிள்ளையாரும் ஒரே அச்சு, ஒரே தொப்பை. அம்மா பேரம் பேசுகிற நேரத்தில் போனுக்கு டாப் அப் போடலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த கடைக்குப் போனேன். சங்கு மாலை, கிளிஞ்சல் சாவிக்கொத்து, தொப்பி, இவற்றுக்கு நடுவில் ரீசார்ஜ், பாட்டு ஏற்றும் கம்ப்யூட்டர். கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'வண்டி எப்போ சூப்பர். ஒரிஜினல் சாஃப்ட்வேர். இங்கே கிடைக்கும்.'

ஒரிஜினல் என்று எழுதி ஒட்டினாலே அது எதுவென்று நமக்குத் தெரியும். உண்மையான திருப்பதி லட்டின்மேல் உண்மையான லட்டு என்று எழுதியிருக்காது.

காட்டச் சொன்னேன். திறந்து காட்டினார். நான் புள்ளி வைத்த எழுத்து, நான் வரைந்த ரயில், நான் குழம்பிக் குழம்பி வைத்த நீல நிறம், அத்தனையும் அப்படியே. முன்னால் மட்டும் தங்க நிறத்தில் 'சூப்பர்' என்று ஒன்று சேர்ந்திருந்தது. கேள்வியைக் காணோம். கேள்விக்குக் கீழே இருந்த என் பெயரையும் காணோம்.

"இத யார் செஞ்சது?" என்றேன்.

"தாம்பரத்துல பெரிய கம்பெனில கீற ஒருத்தரு மேடம். போன்லயே சைட்டு கீது, அங்கருந்து இறக்கறது. டவுன்லோடு ஆயிகினே கீது." கொஞ்சம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். "பாத்து வாங்கணும். செங்கல்பட்டுல ஒரு பொண்ணு இத காப்பி அடிச்சு வுட்டுகினு கீதாம். அதுல தேவையில்லாம கேள்வியெல்லாம் கேக்குது."

ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நெய்யை எடுத்தவன், நெய்க்காரியைத் திருடி என்று சொல்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நான்தான் அந்தப் பெண் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கையில் பிள்ளையாரோடு அம்மா வந்துவிட்டாள். பிள்ளையார் கனம். பஸ் வேறு புறப்பட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ஆற அமர அதை ஆராய்ந்தேன். என் சாஃப்ட்வேரைப் பிரித்து, என் பெயர் வருகிற பக்கத்தை அப்படியே கத்தரித்திருக்கிறான். அந்தப் பக்கத்தில்தான் கேள்வி இருந்தது. பெயரோடு கேள்வியும் போய்விட்டது. கேள்வி இல்லாவிட்டால் பதில் இல்லை. பதில் இல்லாவிட்டால் நல்ல காரியம் என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். ஆக, அவன் சூப்பரில் எந்தக் கிழமையானாலும் எல்லாரும் எப்போதும் நல்ல காரியத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ராகு காலத்தில் ஒரு ரயிலும் ஓடவில்லை. திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை சென்னைக்குப் போகிற வண்டிகளே கிடையாது. அவ்வளவு கூட்டம் தொங்கிக்கொண்டு போகிற நேரம்!

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்தது. தினமும் ரயிலில் போகிறவன் ஒருவன் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்பான். இவன் ஏறியதே இல்லை போலிருக்கிறது.

டவுன்லோடு சைட்டுக்கு இங்கிலீஷில் புகார் எழுதினேன். இது என்னுடையது, ஆதாரம் இது, எடுத்துவிடுங்கள் என்று. பதில் வந்தது. நீங்கள் சொல்கிற அதே புகாரை உங்கள் மேல் ஏற்கெனவே ஒருவர் கொடுத்திருக்கிறார், ஆகவே இரண்டில் உங்களுடையதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்திருக்கிறோம் என்று இருந்தது. என்னுடையதை அந்த சைட்டில் யார் போட்டார்கள் என்றே எனக்குத் தெரியாது. போட்டதும் தெரியாது, எடுத்ததும் தெரியாது, நான் மட்டும் குற்றவாளி.

அதைவிட வயிற்றெரிச்சல், ஜனங்களுக்கு அந்தச் சூப்பர் பிடித்துப்போனது. எங்கள் மொபைல் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார். "கோச்சுக்காத மேடம். கல்யாண சீசன் வேற. அதுல ராகு காலத்துல வண்டியே வராதாமே, அதான் வோணும்னு கேக்கறாங்க. கேள்வி கேட்டா பேஜாரா கீதாம்."

"அண்ணே, அதுல இருக்கிற ரயில் நிஜத்துல ஓடுது."

"ஓடட்டும் மேடம். கண்ணுக்குத் தெரியலன்னா ஏறமாட்டான் இல்ல?"

ராகுவுக்கே இவ்வளவு நல்ல ஏஜென்ட் கிடைத்திருக்கமாட்டான்.

இந்த நிலைமையில்தான் ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் தாம்பரத்தில் கம்பெனி வேலை. பூர்வீகம் மதுராந்தகம், இப்போது ஊரப்பாக்கத்தில் சொந்த வீடு. ஜாதகம் பொருந்தியது. அம்மாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தரகர் அனுப்பிய பயோடேட்டாவை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். படிப்பு, உயரம், சம்பளம், பிறகு ஒரு வரி. 'பிரபலமான வண்டி எப்போ சூப்பர் மொபைல் சாஃப்ட்வேரை உருவாக்கியவர்.'

அப்பா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"வேறது எதுனா இருக்கும்" என்றாள் அம்மா.

"அது என்னோடதும்மா."

"சரி, இருந்துட்டுப் போவட்டும். கட்டிக்கினா ரெண்டு பேரோடதும் ஒண்ணுதான? அவங்க வரப்போ நீ வாயத் தொறக்காத. இந்த எடமும் போச்சுன்னா எனக்கு உடம்புல தெம்பு இல்லடி."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மனசுக்குள் தெளிவாகத் தெரிந்தது. வாயைத் திறந்தால் வரன் போகும். திறக்காவிட்டால் என் வேலை காலத்துக்கும் அவன் பெயரில் போகும், நான் அவனுக்கே காபி கொடுத்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. அதற்குள் பார்த்து முடித்துவிட வேண்டும் என்று மூன்று மணிக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. எல்லாரும் ஒரே காரில். யாரோ நண்பருடைய கார், இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிட்டது. திரும்பும்போது ரயிலில் போய்க்கொள்வார்களாம். மாப்பிள்ளை பார்க்க நன்றாகவே இருந்தார். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. பேச்சும் இனிமைதான். எங்கள் தெருவுக்கு பைக்கில் வந்தால் சீக்கிரம் வந்துவிடலாம், தான் எங்கே போனாலும் பைக்தான் என்றார். ஓகோ, என்று நினைத்துக்கொண்டேன்.

கேசரி சாப்பிட்டு, காபி குடித்து, ரெண்டு குடும்பத்துக்கும் தெரிந்த உறவுக்காரர்களை எல்லாம் ஒரு சுற்று விசாரித்து முடித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு எங்கள் அப்பாவை ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு பேரும் கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர்கள். பேசிக்கொண்டே இருந்தார்கள். மணி நாலரையைத் தாண்டிவிட்டது.

"ஏம்பா, அடுத்த வண்டி எப்போன்னு பாரு, கிளம்பலாம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பிறகு எங்கள் பக்கம் திரும்பி, முகமெல்லாம் மலர, "இவனே செஞ்ச சாஃப்ட்வேரு. ஊரெல்லாம் வெச்சிகினு கீறாங்க" என்றார்.

மாப்பிள்ளை போனை எடுத்து அமுக்கினார். "ஆறு மணிக்கு மேலதாம்பா. நடுவுல ஒண்ணும் இல்ல."

அந்த வார்த்தை முடியவில்லை, வீட்டுக்குப் பின்னால் ஹாரன் அடித்தது. எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு முள்வேலியும் கொஞ்சம் கருவேலமும்தான். சென்னைக்குப் போகிற மின்சார ரயில் தடதடவென்று போனது. காபி டம்ளர்கள் தட்டில் ஆடின.

"அது கூட்ஸா இருக்கும்" என்றார் மாப்பிள்ளை.

எங்கள் அப்பா சூதுவாது தெரியாதவர். "இல்லீங்க தம்பி, எலக்ட்ரிக் வண்டி. கூட்ஸுன்னா இன்னும் இழுத்துகினு போவும்" என்றார். அம்மா அவர் முதுகுக்குப் பின்னால் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

பேச்சு வேறு பக்கம் போனது. மதுராந்தகம் ஏரி நிரம்பியது, நெல் விலை, எல்லாம் பேசினார்கள். மறுபடியும் ஹாரன். மறுபடியும் டம்ளர் ஆடியது. மாப்பிள்ளையின் அம்மா, "ஆளுங்க உக்காந்துகினு போறாங்களே, ஜன்னல்ல தெரியுதே" என்றார். மாப்பிள்ளை போனையே உற்றுப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டின முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன், ஆனால் இந்தத் திருடனுக்குத் தன்னைக் கொட்டியது தேள்தானா என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாவது வண்டியும் போனபோது அவர் அப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாடா சாஃப்ட்வேரு இது? கண்ணு முன்னாடி வண்டி போவுது, அதுல இல்லன்னு சொல்லுது?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சத்தமாகவே சிரித்துவிட்டேன். எல்லாரும் திரும்பினார்கள். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் என் போனை எடுத்துவந்து மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுத்தேன்.

"அங்கிள், என் போன்லயும் இது இருக்கு. இதுல பாருங்க."

அவர் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து வாசித்தார். "நல்ல காரியமா... கீழ இன்னா, செய்தவர்..." நிறுத்தினார். என் பெயரை உரக்க வாசித்தார், செங்கல்பட்டு என்பதையும் சேர்த்து. என்னை ஏற இறங்கப் பார்த்தார். தன் மகனைப் பார்த்தார். "இது இன்னாம்மா? உன் பேரு கீது?"

"நான்தான் அங்கிள் செஞ்சேன். இவர் என் பேரு இருக்கிற பக்கத்தை வெட்டிட்டாரு. அந்தப் பக்கத்துலதான் ராகு காலக் கேள்வி இருந்துது. அது போனதால ராகு கால வண்டியெல்லாம் இவர் போன்ல வராது. ரயில்ல போயிருந்தா இவருக்கே தெரிஞ்சிருக்கும்."

மாப்பிள்ளை போனை மூடிச் சட்டைப் பையில் போட்டார். ஆனால் தான் செய்ததை அவர் மறுக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவரை நான் முழுதாக வெறுக்க முடியவில்லை. "யாரோ செஞ்சதுன்னு நினைச்சேன்" என்றார் தணிந்த குரலில். "நெட்ல சும்மா கிடந்துது. யாரோடதும் இல்லன்னு..."

"பேரு போட்டிருந்துதே" என்றேன்.

அவர் அப்பா எழுந்தார். "தப்பு எங்க மேலதான்மா" என்றார். என் போனிலேயே அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டு, ராகு காலம் என்றும் பார்க்காமல், மூன்று பேரும் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அந்த வண்டி சரியாக வந்திருக்கும்.

அம்மா டம்ளர்களைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். எனக்கு நியாயம் என் பக்கம் இருந்தது, ஆனால் அவள் முதுகைப் பார்க்கப் பார்க்க அந்த நியாயம் ருசிக்கவில்லை. அப்பா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேசரி மிச்சமிருக்கிறது, சாப்பிடு என்றார். சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

இத்தோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சில நாள் கழித்து ஒரு காலை நேரம் வீட்டு போன் அடித்தது, அம்மா எடுத்தாள். மறுமுனையில் மாப்பிள்ளையின் அம்மா. அவருக்குப் பேச்சே கொஞ்சம் உரக்கத்தான், நான் கூடத்தில் இருந்தபடியே எல்லாம் கேட்டது. பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். பையனுக்கும் பிடித்திருக்கிறதாம், அன்றிலிருந்து அதே பேச்சாம். கல்யாணம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் அப்படியே பளபளவென்று ஆனது. இந்த முகத்துக்கு எதிராக நான் எப்படி வேண்டாம் என்று சொல்வேன்?

"ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றது போன். "அந்த சாஃப்ட்வேரு விஷயம் நம்ம வூட்டுக்குள்ளயே இருக்கட்டும். ஆபீஸ்ல அத வெச்சுத்தான் புள்ளைக்கு பேரு. சைட்லயும் அவன் பேருதான் போட்டிருக்கு. உங்க பொண்ணு வெளிய எங்கியும் நான் செஞ்சதுன்னு சொல்லாம இருந்தா போதும். கட்டிக்கினா ரெண்டு பேரோடதும் ஒண்ணுதானங்க?"

போன வாரம் எங்கள் வீட்டில் அம்மா சொன்ன அதே வார்த்தை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். போனில் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்லீங்க" என்றாள் அம்மா. "அது ஒத்துவராதுங்க. பேர வெட்டிட்டு பொண்ண மட்டும் இட்டுகினு போவ முடியாது. அது எம் பொண்ணு செஞ்சது. நாங்களே யாருக்கும் சொல்லாம வெச்சிகினு இருந்தோம், அது எங்க முட்டாள்தனம். இனிமே கேக்கறவங்களுக்கெல்லாம் நானே சொல்லப்போறேன். மொதல்ல உங்களுக்குச் சொல்லிட்டேன். வெச்சுடட்டுங்களா?"

வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம் போன்மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் இடுப்பில் செருகியிருந்த பட்டன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதுல ஏத்துடி அத."

ஏற்றினேன். அதுவரை அவள் போனில் அது இல்லை என்பதையே அன்றைக்குத்தான் கவனித்தேன். திறந்து கையில் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரையில் தேடினாள். வெளிச்சத்துக்கு ஜன்னல் பக்கம் போனாள். கடைசியில் என் பெயரைக் கண்டுபிடித்து, விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத்தினியூண்டு போட்டா எவன் வேணா வெட்டத்தான்டி வெட்டுவான்" என்றாள். "பெருசா போடு."